தூளியா, பாயா? பேறுகாலம் பார்க்கும் பாட்டிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவாரூர் மாவட்டத்து அம்மாயிகளுக்கும் அப்பாயிகளுக்கும், ஆச்சி, ஆயா, பாட்டி என்று வீட்டுக்கு வீடு வேறு பெயரில் அழைக்கப்படும் எல்லோருக்கும்,

இந்த மடல் பிள்ளை பெற்றவளுக்கு எழுதியது அல்ல, பிள்ளையின் அப்பனுக்கும் அல்ல. தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் இன்று ஆஸ்பத்திரிதான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6% பிரசவங்கள் அங்கேதான் நடக்கின்றன. விளமலில் 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியோ, மன்னார்குடி அரசு மருத்துவமனையோ, எங்கே பிறந்தாலும் எப்போது தடுப்பூசி, எப்போது தையல் பிரிப்பது, எத்தனை மணிக்கொரு தரம் பால் கொடுப்பது என்று எல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளையை எங்கே கிடத்துவது என்பது மட்டும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்காது. அந்தத் தீர்ப்பைச் சொல்லப்போவது நீங்கள்.

ஆரத்தி சுற்றிப் பிள்ளையை உள்ளே கொண்டுவந்த அரை மணி நேரத்தில் வழக்கு தொடங்கிவிடும். மருமகன் ஆன்லைனில் வரவழைத்த மரக்கட்டில், பிரிக்காத அட்டைப்பெட்டியோடு கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும். மகள் கையில் செல்போன்; அதற்குள்ளிருந்து யாரோ ஒரு டாக்டர், குழந்தையைத் தனியாகப் படுக்க வைக்கச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருப்பார். தாத்தா ஸ்டூல் போட்டு ஏறி, வீடு கட்டும்போதே கான்கிரீட்டில் விட்டுவைத்த கொக்கியை இழுத்துப் பார்ப்பார். நீங்கள் பழைய நூல் சேலையைத் துவைத்துக் காயவைத்து மடித்துவைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பச்சை உடம்புக்காரி யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் முழிப்பாள்.

அந்த வீட்டில் உங்கள் சொல்லுக்கு எடை கூடுதலாக இருப்பதில் நியாயம் உண்டு. உங்களில் மூத்தவர்களின் அம்மாக்கள் எட்டும் பத்தும் பெற்று, அதில் சிலவற்றைப் பறிகொடுத்தவர்கள். தக்காமல் போன பிள்ளைகளுக்குப் பின்னால் பிறந்ததை முறத்தில் போட்டு, குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கி, குப்புசாமி என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்த ஊர்கள் இவை. எமன் கண்ணில் படாத பெயராக இருக்கட்டும் என்பது கணக்கு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை 13. இந்தியா முழுமைக்கும் அது 28. இந்த இறக்கத்தில் தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பங்கு உண்டு. பத்து நாள் கண்விழித்துப் பேறுகாலம் பார்க்கும் உங்களுக்கும் உண்டு.

அதனால் இந்த மடல் உங்களோடு மல்லுக்கு நிற்க வரவில்லை. சொல்லப்போனால் வழக்கில் பெரும்பகுதி உங்கள் பக்கம்தான் தீர்ப்பாகிறது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் உங்கள் பக்கம். பிள்ளையை மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். இது நம் வீடுகளில் பெரும்பாலும் தானாக நடப்பது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தால், முகம் தெரியும்படிதானே போடுவீர்கள். மேற்கத்திய நாடுகளில் இந்த எளிய விஷயத்தில் படித்தவர்களே சறுக்கினார்கள். அமெரிக்காவில் குழந்தை வளர்ப்புக்கு வேதம்போல் இருந்த நூல் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதியது, முதல் பதிப்பு 1946. அதன் 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளில், பிள்ளையைக் குப்புறப் போடுவதே மேல் என்று அவர் சொன்னார். காரணங்கள் இரண்டு. மல்லாக்கப் படுத்த பிள்ளை கக்கினால் மூச்சு அடைக்கும். ஒரே பக்கம் தலையை வைத்தால் அந்தப் பக்கம் சப்பையாகிவிடும். கேட்ட பேச்சாக இருக்கிறதல்லவா? கொரடாச்சேரித் திண்ணையிலும் இதே இரண்டு பயம்தான்: பால் புரையேறிடும், தலை சப்பையாயிடும்.

எத்தனையோ வீடுகளில் அந்தப் புத்தகத்தை நம்பிப் பிள்ளைகளைக் குப்புறப் போட்டார்கள். நன்றாக இருந்த பிள்ளை, இரவு பால் குடித்துத் தூங்கி, விடிந்தால் உயிரில்லை. நோய் இல்லை, காய்ச்சல் இல்லை. தொட்டில் மரணம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1985-இல் டி. பி. டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் ஹாங்காங்கிலிருந்து லான்செட் இதழுக்கு எழுதினார். நெருக்கடியான சின்னச் சின்ன வீடுகள் நிறைந்த அந்த ஊரில் தொட்டில் மரணம் அபூர்வம். அங்கே சீனத் தாய்மார்கள் பிள்ளையை மல்லாக்கப் போடுகிறார்கள். 1987-இல் நெதர்லாந்தும், அடுத்து நியூசிலாந்தும் ஊருக்கெல்லாம் அறிவித்தன: புரட்டிப் போடுங்கள், மல்லாக்கப் போடுங்கள்.

இங்கிலாந்து விழித்துக்கொள்ள ஒரு தாய் வேண்டியிருந்தது. ஆன் டயமண்ட் தொலைக்காட்சியில் நாடறிந்த முகம். 1991 ஜூலையில் அவருடைய நான்கு மாத மகன் செபாஸ்டியன் தூக்கத்திலேயே போய்விட்டான். நியூசிலாந்தில் இதற்கு வழி கண்டுவிட்டார்கள் என்பது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். அந்த டிசம்பரிலேயே இங்கிலாந்தில் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளில் தொட்டில் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. அமெரிக்கா 1994-இல் அதே வழிக்கு வந்தது, அங்கும் பாதிக்கும் மேல் குறைந்தது. லண்டனைச் சேர்ந்த ரூத் கில்பர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டார்கள். குப்புறப் போடுவது ஆபத்து என்று 1970-லேயே தெரிந்திருக்க முடியும். தெரிந்ததும் மாற்றியிருந்தால் இங்கிலாந்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பக்கம் குறைந்தது 50,000 பிள்ளைகளும் பிழைத்திருப்பார்கள் என்றது அந்தக் கணக்கு.

இத்தனை நீளமாக இந்தக் கதையைச் சொல்லக் காரணம், வாயு பிடித்து அழுகிற பிள்ளையை, "குப்புறப் போடு, அசந்து தூங்கும்" என்று எதிர்வீட்டு அக்கா சொல்லும் நாள் ஒன்று வரும். தூங்கும் என்பது உண்மைதான். அந்த அசந்த தூக்கம்தான் சிக்கல். மூச்சு முட்டினால் விழித்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் புத்தி அந்த ஆழத்தில் பிள்ளைக்கு வேலை செய்யாது. விழித்திருக்கும்போது, நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். கழுத்து உறுதிப்படும், தலையும் உருண்டையாகும். தூங்கப் போடுவது மட்டும் மல்லாக்க.

பால் புரையேறும் பயத்துக்கு ஒரு விளக்கம். நாளிதழ்களில் "தாய்ப்பால் புரையேறி பச்சிளம் குழந்தை பலி" என்ற தலைப்பு அடிக்கடி வருகிறது. படித்துவிட்டு யாருக்குத் தூக்கம் வரும்? ஆனால் உயிர் போன பிறகு வயிற்றிலிருக்கும் பால் வாய்க்கு வருவது உண்டு. கடைவாயில் பால் இருந்தது என்பதற்காகப் பால்தான் அடைத்தது என்று ஆகிவிடாது. தொண்டையின் அமைப்பைப் பாருங்கள். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் கீழே இருக்கும் உணவுக்குழாய்க்கே திரும்பும். மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் விழுவது கடினம். குப்புறப் போட்டால் இந்த வரிசை தலைகீழாகிறது. நாடு நாடாகப் பிள்ளைகளை மல்லாக்கப் போடத் தொடங்கிய பின்னும் புரையேறிச் செத்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடவில்லை. பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச்செய்யும் உங்கள் கைப்பழக்கம் அப்படியே இருக்கட்டும்.

இனி தூளி. இங்கேதான் கொஞ்சம் கசக்கும்.

தூளியைப் பழித்து இந்த ஊரில் பேச முடியாது. நடவு வயலில் அம்மா நாற்று முடியோடு சேற்றில் நிற்க, வரப்போரப் பூவரசு மரத்துக் கிளையில் ஆடிய சேலைத் தூளியில் வளர்ந்தவர்கள் இன்று பேரப்பிள்ளை எடுத்திருக்கிறார்கள். தரையில் விட்டால் எறும்பு, நண்டு, ஈரம். தூளி எல்லாவற்றுக்கும் மேலே தொங்கியது. இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக் காம்பராக்களிலும் வரிசையாகத் தூளிகள்தான். பிள்ளை வரம் வேண்டித் திருக்கருகாவூருக்குப் போனவர்கள், பிறந்த பிள்ளையைக் கொண்டுபோய்த் தங்கத் தொட்டிலில் இட்டுவிட்டு வருகிறார்கள். பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ தொட்டில் போடாமல் பெயர் வைப்பது எங்கே நடக்கிறது?

கட்டும் விதத்திலேயே ஒரு கைத்திறன் இருக்கிறது. கயிற்றைக் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி, சேலையை இரட்டையாக மடித்துப் போட்டு, நுனிகளைச் சேர்த்து முடிந்து, ஒரு தடவை தன் முழங்கையால் அழுத்திப் பளு பார்த்து, பிறகு தொட்டில் கட்டையைக் குறுக்கே செருகித் துணியை விரித்து, அடியில் நாலாக மடித்த துண்டைப் போட்டு, அதன்மேல்தான் பிள்ளை. கட்டையைச் செருகாவிட்டால் துணி இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். அதை மறக்காத பாட்டி இல்லாத வீடுகளில்தான் பயம் அதிகம்.

ஆனாலும் புதுசாகப் பிறந்த பிள்ளைக்கு ராத்தூக்கத்துக்குத் தூளி வேண்டாம் என்றே இந்த மடல் சொல்கிறது. பிறந்த பிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்தில் பலம் இல்லை. வளைந்த துணியில் முதுகு கூன, முகவாய் நெஞ்சில் வந்து ஒட்டுகிறது. மூச்சுக்குழாய் இந்தப் பருவத்தில் மெல்லியது. கழுத்து மடங்கினால் அதுவும் மடங்கும். பிள்ளை திணறிக் கத்துவதும் இல்லை. சத்தமே இல்லாமல் மூச்சு சன்னமாகிக்கொண்டே போகும். சேலை உயரமாகத் தொங்குவதால் கீழே படுத்திருக்கும் தாய்க்கு முகம் தெரியாது. முன்பு தூளிக்குப் போட்டது துவைத்துத் துவைத்து வலைபோலான நூல் சேலை. இப்போது வீட்டில் நூல் சேலை குறைந்து, காற்றுப் புகாத பாலியஸ்டர் சேலைகளும் தூளியாகின்றன. கடையில் விற்கும் ஸ்பிரிங் தொட்டிலும் வளைவில் இதே ரகம்தான். கூடுதலாக, பிள்ளை காலை உதைத்தால் அது ஒரு பக்கமாகச் சாயும்.

அமெரிக்காவில் நம் ஸ்பிரிங் தொட்டிலுக்குத் தம்பிபோல ஆம்பி என்று ஒன்று விற்றார்கள். ஸ்பிரிங்கில் தொங்கும் துணி ஊஞ்சல். சாய்ந்த துணியில் உருண்டு முகம் புதைந்து இரண்டு பிள்ளைகள் இறந்ததும், 2009 டிசம்பரில் சுமார் 24,000 தொட்டில்களையும் திரும்பப் பெற்றார்கள். பத்தாண்டு கழித்து இன்னொன்று. பிஷர்-பிரைஸ் நிறுவனம் விற்ற ராக் அண்ட் பிளே என்ற சாய்வுத் தொட்டிலில் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருந்தன. 2019 ஏப்ரலில் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2022-இல் அங்கே சட்டமே வந்துவிட்டது: தூங்கும் இடத்தின் சாய்வு 10 பாகைக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது. அட்டை அட்டையாகச் சான்றிதழ் ஒட்டிய, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள தொட்டிலுக்கே இந்தக் கதி.

அதற்காகக் கொக்கியை அறுத்துவிட வேண்டியதில்லை. பகலில், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த, நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுங்கள், பாடுங்கள். கண் அசந்ததும் எடுத்துப் பாயில் போட்டுவிடுங்கள். எடுத்தால் முழித்துக்கொள்ளும் என்பீர்கள். முழித்துக்கொள்ளும்தான், இரண்டு நாளைக்கு. எடை குறைந்த பிள்ளை, மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, சளி கட்டிய பிள்ளை என்றால் பகலிலும் வேண்டாம். பிள்ளை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்துச் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள். தொட்டில் சேலையில் ஊஞ்சலாடிய மூத்த பிள்ளையின் கழுத்து இறுகிய செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களுக்குப் புதிதல்ல. 

அப்படியானால் எங்கே? பாயில்தான். தாயின் பாயை ஒட்டி, தனியாக ஒரு சின்னப் பாய்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையும் தாயும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-இலிருந்து வற்புறுத்திவருகின்றன. பிறந்த பிள்ளையைக் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய் வரிசையாக அடுக்கிய மேல்நாட்டு ஆஸ்பத்திரிகள் பலவும் மாறின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும் குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் என்கிறது. தாய்ப்பால் மருத்துவர்களின் சங்கமோ 2020-இல், பால் கொடுக்கும் தாய் புகை, மது இல்லாதவளாக இருந்தால் ஒரே படுக்கையில் படுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை என்றது. டாக்டர்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. தாயின் பாயை ஒட்டிய தனிப் பாய் என்றால் இரண்டு கட்சிக்கும் ஆட்சேபம் இருக்காது: அறை ஒன்று, படுக்கை இரண்டு. கோரைப்பாய் தட்டையானது, அமுங்காது, அதிலிருந்து விழ இடமில்லை. மருமகனின் மரக்கட்டிலும் தவறில்லை. அதோடு வந்த பஞ்சுத் தடுப்பு, கரடிப் பொம்மை, தலையணை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தாயின் பக்கத்தில் போடுவதானால் போடுங்கள். வேறு அறையில் வேண்டாம். அப்படிக் கழற்றிய பின் அதற்கும் பாய்க்கும் உள்ள வித்தியாசம் கால்கள் நான்கும் விலையும்தான்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதே சிக்கலுக்குக் கண்ட வழி நம் கோரைப் பாய்க்காரர்களுக்குப் பிடிக்கும். அந்த மக்களுக்கும் பிள்ளையைப் பிரித்துப் படுக்க வைப்பது ஆகாது. பிரித்துப் போடு என்று டாக்டர்கள் சொன்னது காதில் ஏறவே இல்லை. தொட்டில் மரணங்களும் அவர்களிடையேதான் அதிகம். டேவிட் டிப்பெனே-லீச் என்ற மாவோரி மருத்துவரும் நெசவு தெரிந்த பெண்களும் சேர்ந்து, ஹரகெகே என்ற நாரிலையைப் பின்னி, விளிம்பு வைத்த தட்டைக் கூடை ஒன்றைச் செய்தார்கள். வஹகுரா என்று பெயர். அதைத் தாயின் படுக்கைமேலேயே வைத்துப் பிள்ளையை அதில் கிடத்தலாம்; பக்கத்திலும் இருக்கும், தனியாகவும் இருக்கும். 2011-இல் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதே யோசனை பிளாஸ்டிக் பெட்டியாகப் போய்ச் சேர்ந்தது. 2009-க்கும் 2015-க்கும் இடையில் அந்த நாட்டில் பிறந்த முதல் வாரத்துக்குப் பிந்திய சிசு மரணம் 29% குறைந்தது; அதிகம் குறைந்தது மாவோரி பிள்ளைகளிடையே. பிள்ளையை முறத்தில் கிடத்திய நம் மூத்தவர்களுக்கு விளிம்பு வைத்த தட்டையான நாற்கூடையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாய்க்கு ஒரு நிபந்தனை உண்டு. கொசுவலை. இதை மேல்நாட்டு வழிகாட்டிகள் எதிலும் தேடிக் காண முடியாது. இது நெல் விளையும் பூமிக்கான விதி. நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது, தரையில் தூங்குகிறவர்களை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கடிப்பது. கடித்த இடம் வலிக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து, கண் இமை தொங்கிய பிறகுதான் தெரியும். பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள், பிள்ளை என்ன சொல்லும்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது, பெரும்பாலும் கிராமங்களில். நேபாளத்தின் தராய் சமவெளியில் நடந்த 2007 ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. வலையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருக வேண்டும். தாயும் பிள்ளையும் ஒரே வலைக்குள். ஐப்பசி, கார்த்திகையில் தரை ஊறும்போது பாய்க்கடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டு, அல்லது பாயைத் தூக்கி அகலமான பலகைக் கட்டிலில் போட்டு, சுவரோடு இடுக்கு விழாமல் தள்ளிப் போடுவது. கயிற்றுக்கட்டில் நடுவில் குழிவது, அதில் வேண்டாம்.

2015-இல் தமிழக அரசு, அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தபோது, அதிலிருந்த 16 பொருட்களில் சின்னப் படுக்கையும் கொசுவலையும் இருந்தன. பின்லாந்து 1938-இலிருந்து தாய்மார்களுக்குக் கொடுக்கும் பெட்டியில், அந்த அட்டைப்பெட்டியே மெத்தையோடு பிள்ளையின் முதல் படுக்கையாகிறது. இங்கே வலையைச் சேர்த்தவர் யாரோ, நம் ஊரை அறிந்தவர். கடையில் குடைபோல விரியும் வலைப்படுக்கையை வாங்குகிறவர்கள் அதோடு வரும் தலையணையையும் இரண்டு பக்கத்து உருளைகளையும் எடுத்துவிட்டு வலையை மட்டும் பயன்படுத்தலாம். பச்சைப் பிள்ளைக்குத் தலையணை எதற்கு?

வலை இருந்தால் கொசுவர்த்தி வேண்டாம் என்பது இன்னொரு லாபம். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் ஒரு ஆய்வு அளந்து சொன்னது. குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவதை விடச் சொன்னால் நீங்கள் இந்த மடலையே கிழித்துப் போடுவீர்கள். வாசலில், காற்றோட்டத்தில், நொடிப்பொழுது காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். தூங்கும் அறைக்குள் மூட்டம் போட வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் காலுறையும் போட்டு, அதன்மேல் துண்டு சுற்றி வைப்பதும் வேண்டாம். பிறந்த முதல் நாட்களில் சூடு தேவை, சரி. வியர்த்த பிள்ளைக்குத் தேவையில்லை. பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். கசகசப்பு இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தூங்கும்போது தலையும் முகமும் திறந்திருக்கட்டும். திருஷ்டிக் கயிறு கழுத்தில் வேண்டாம். இடுப்பிலோ காலிலோ கட்டினாலும் கண் படாது.

பிள்ளையோடு யார் படுப்பது என்பதும் உங்கள் அதிகாரத்தில் உள்ளது. இதைச் சொல்ல உங்களைவிட்டால் அந்த வீட்டில் வேறு ஆளில்லை. டாஸ்மாக் போய்விட்டு வந்தவர், மகனானாலும் மருமகனானாலும், அன்றிரவு அந்தப் பாயில் படுக்கக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர் திண்ணையில். போதையில் ஒருவன் உருண்டால் கீழே பிள்ளை இருப்பது அவனுக்குத் தெரியாது. தூக்க மாத்திரையோ மயக்கம் தரும் மருந்தோ சாப்பிட்டவளுக்கும் இதேதான். சிசேரியன் வலிக்கு மருந்து எடுத்து அசந்து கிடக்கும் தாயின் பக்கத்தில் அந்த நாட்களில் நீங்கள் முழித்திருக்க வேண்டும். இன்னொன்று, சோபா. பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து டிவி பார்த்தபடியே தூங்கிப்போவது, மேல்நாட்டு ஆய்வுகள் எல்லாமே அதிக ஆபத்து என்று ஒருமித்துச் சொல்லும் இடம்.

எடை குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஏற்ற இடம் தாயின் நெஞ்சு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய வழி இது: பிள்ளையைத் துணியில்லாமல் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்து, துணியால் சேர்த்துக் கட்டிவிடுவது. டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பிறந்தவுடனே இப்படிக் கட்டியணைக்கப்பட்ட எடை குறைந்த பிள்ளைகளில் இறப்பு 25% குறைந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இதைக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்புவார். வீட்டுக்கு வந்ததும், "பச்சை உடம்பு, சீதளம் ஏறும், பிள்ளையைக் கீழே போடு" என்று சொல்லித் தடுப்பது பெரும்பாலும் நாம்தான். தாய் குளிக்கப் போகும்போது நீங்களே அப்படி வைத்துக்கொள்ளலாம். பாட்டியின் நெஞ்சிலும் அதே சூடுதான். தாய் படுக்கும்போது முதுகை உயர்த்திச் சாய்ந்து படுக்க வேண்டும், பிள்ளையின் முகம் ஒரு பக்கம் திரும்பி மூக்கு தெரிய வேண்டும்.

கடைசியாக, தேதியைக் குறித்து ஒரு சங்கதி. தொட்டில் மரணங்கள் உச்சத்தில் இருப்பது இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதம் வரை. பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள். நம் பக்கத்தில் பிள்ளையைத் தாய்வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குக் கொண்டுவிடுவது எப்போது? மூன்றாம் மாதம், இல்லையென்றால் ஐந்தாம் மாதம். ஒரு வீட்டில் பழகிய பாய், வலை, கை எல்லாம் அதே நேரத்தில் மாறுகின்றன. நன்னிலத்து அம்மாயி மூன்று மாதம் மல்லாக்கப் போட்டு வளர்த்த பிள்ளையைத் திருத்துறைப்பூண்டி அப்பாயி, "ஏன் இப்படிச் சப்பைத் தலையா வச்சிருக்கீங்க" என்று முதல் நாளே குப்புறப் போட்டால், அந்த மூன்று மாதமும் வீண். குப்புறப் போட்டுப் பழகாத பிள்ளைக்குத் திடீரென்று குப்புறத் தூங்குவது பழகியதைவிட ஆபத்து. பிள்ளை தானாகக் குப்புற விழுந்து, தானாக மல்லாந்துகொள்ளத் தெரிந்த பின் மட்டும் திருப்பித் திருப்பிப் போட வேண்டியதில்லை.

ஆகவே சம்பந்திகள் இருவரும் ஒரு தடவை போனில் பேசிக்கொள்ளுங்கள். கொண்டுவிடும் நாளில் வெள்ளி அரைஞாண், கொலுசு, பால் கிண்ணி, தொட்டில் என்று சீர்ப் பட்டியல் எழுதுவீர்கள். அதில் சின்னக் கோரைப்பாய் ஒன்று, ஓரம் செருகும் அளவுக்கு நீளமான கொசுவலை ஒன்று சேர்த்துவிடுங்கள். பட்டியலில் பஞ்சுத் தலையணை இருந்தால் அடித்துவிடுங்கள். கிராம சுகாதார செவிலியர் எடை பார்க்க வரும்போது, அந்த வீட்டில் பிள்ளை தூங்கும் இடத்தையும் ஒருமுறை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.